மலைக்கோட்டை ஏறும் வரை தேய்க்க வேண்டும்

பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்னோடு வந்த அக்காள் புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஸ்ரீரங்கத்துல ஒரு ஸ்தாபனம். சுகாதாரப் பிரிவு" என்பார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் நடந்திருக்கும். எனக்கு வாய் அப்படி அமையவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்குக் கை கழுவி விடுறேங்க" என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு பஜ்ஜி வரும், காபி வரும், பெண் மட்டும் வரமாட்டாள்.

சொன்னது பொய்யில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில், வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் இருந்தது. மாதர் சங்கம் ஒன்று ஒரு நீளமான பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தியது. கூடத்தில் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். காலை எட்டு மணிக்கு அம்மாக்கள் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்கு ஓடுவார்கள். மாலையில் அதே பஸ்ஸில் கசங்கி வந்து அழைத்துப் போவார்கள்.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ், பாலக்கரையிலிருந்து தினமும் வருகிற கிறிஸ்தவ அம்மாள். எல்லோருக்கும் அவர் மேட்ரன். அடுத்து ஆயாம்மா. சமைப்பது, தூங்கவைப்பது, அடிக்கப் போகிற மாதிரி கையை ஓங்குவது மூன்றும் அவர் இலாகா. மூன்றாவது நான். ரெஜிஸ்டர் எழுதத்தான் என்னைச் சேர்த்தார்கள். முதல் வாரமே மேட்ரன் என் எழுத்தையும் பார்த்தார், எழுதுகிற விரலையும் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. நகம் சகிக்கல. போய் வெட்டிட்டு வா, தம்பி. இனிமே வாசல்ல நீதான்" என்றார்.

வாசல் என்பது பெரிய உத்தியோகம். உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி நெற்றியைத் தொட வேண்டும். கண் சிவந்திருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, தோலில் ஏதாவது கொப்புளம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு கை கால் கழுவிவிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். கை கழுவுவதில்தான் தகராறு. சோப்பைத் தொட்ட மறு நொடி தண்ணீர் கேட்கிற வயது அது. இருபது வரை எண்ணச் சொன்னார் மேட்ரன். பிள்ளைகள் ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று தாவிவிட்டார்கள். அதனால் அவர்களை மலைக்கோட்டை ஏற வைத்தேன். காப்பகத்து மொட்டை மாடியில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டை தெரியும். உள்ளங்கையைத் தேய்த்தால் அடிவாரத்து மாணிக்க விநாயகர். புறங்கை, நடுவிலிருக்கும் தாயுமானவர். விரல் இடுக்கும் நகக்கண்ணும் முடிந்தால் உச்சிப் பிள்ளையார். உச்சிக்குப் போய் 'டிங்' என்று மணி அடித்தால்தான் தண்ணீர். முதல் நாள் இதைக் கேட்டுக்கொண்டு நின்ற மேட்ரன், "பிள்ளையாரோ யாரோ, நகக்கண்ணு வரைக்கும் போகுதில்ல? ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் எனக்கு சோப்பு மாமா என்று பெயர் வைத்தார்கள். சம்பள ரெஜிஸ்டர் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

துண்டும் என் இலாகாதான். ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக்கூடாது. படிக்கத் தெரியாத பிள்ளைகளாதலால் ஆளுக்கொரு படம். கொக்கிக்கு மேலே சுவரில் நான் வரைந்தேன். அதைப் பார்த்து ஆயாம்மா துண்டின் மூலையில் நூலால் தைத்தார். குடை, குடை மாதிரியே வந்தது. பூனை ஆடு மாதிரி வந்தது. அது கிடைத்த பையன் 'மே, மே' என்று கத்திக்கொண்டே முகம் துடைத்தான். நாலு வயதுப் பெண் ஒருத்திக்குத் தோகை விரித்த மயில் போட்டேன். பார்த்தவுடன், "ஐ, அன்னாசிப்பழம்!" என்றாள்.

"மயில்டா கண்ணு."

"மயிலுக்கு மூஞ்சி இருக்கும். இது அன்னாசி."

இந்த வழக்கு தினமும் காலையில் ஒருமுறை விசாரணைக்கு வரும். இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தப் பெண்ணிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. எல்லோரும் உச்சிக்குப் போய் மணி அடித்துவிட்டுத் தண்ணீருக்குக் கையை நீட்டுவார்கள். இவள் நீட்டமாட்டாள். "இறங்கணும்ல மாமா? இறங்கலேன்னா எப்படி வீட்டுக்குப் போறது?" என்று மறுபடி விரல் இடுக்கு, புறங்கை, உள்ளங்கை என்று ஒவ்வொன்றாகக் கீழே வருவாள். மற்றவர்களைவிட இவளுக்குச் சோப்பு இரண்டு மடங்கு செலவு. அவளை வரிசையில் கடைசியாக நிறுத்திக்கொள்வேன். நிதானமாக இறங்கட்டும் என்று.

எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை. நான் குடியிருந்தது ஒரு மாடி அறை. சாப்பாடு மெஸ்ஸில். அங்கே ஒரு வேளைக்கு இரண்டு வார்த்தை பேசினால் போதும்: "சாம்பார்", "போதும்". சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளை 'டாட்டா' சொல்லிப் போனதிலிருந்து திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். திங்கட்கிழமை முதல் வார்த்தைக்குத் தொண்டை கரகரக்கும். காப்பகத்தில் தொண்டை கட்டியவனுக்கு இடமில்லை என்பதால் மேட்ரன் உடனே டார்ச் லைட்டோடு வந்து வாயைத் திறக்கச் சொல்வார். பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையே, தம்பி" என்பார். அதுதாங்க மேட்ரன் பிரச்சினையே என்று சொல்ல நினைப்பேன். வாய் திறந்திருக்கும்போது பேச முடியாது.

ஓர் ஐப்பசி மழைக்காலம். அந்த அன்னாசிப் பெண்ணை அவள் அம்மா குடைக்குள் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா கண்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். அப்பா எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பெண் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது. மப்ளருக்குள்ளிருந்து ஒரு தங்கச் செயின் எட்டிப் பார்த்தது.

நாலு வயதுப் பிள்ளை காலை எட்டு மணிக்குத் தங்கச் செயினோடு வந்தால் இரண்டே காரணம். ஒன்று, கல்யாணத்துக்குப் போகிறாள். இல்லையென்றால் பொன்னுக்கு வீங்கி. காதுக்குக் கீழே தாடை வீங்குகிற அந்தக் காய்ச்சலுக்குப் பொன் போட்டால் வடிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வீட்டில் பொட்டுத் தங்கம் இருந்தாலும் அது பிள்ளையின் கழுத்துக்கு வந்துவிடும். அது மருந்தா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. விளம்பரம் என்ற வகையில் அதற்கு ஈடு கிடையாது.

"செயின் எதுக்குங்க?" என்றேன்.

"சும்மா, ஆசைப்பட்டா சார்."

"மப்ளரு?"

"மழை சார்."

"கன்னம்?"

"பல்லு வலி."

"பல்லு வலி இல்லம்மா, பொன்னுக்கு வீங்கி. நீதானே சொன்ன" என்றாள் பெண். பிறகு என் பக்கம் திரும்பி, "செயின் பாத்தியா மாமா? வீக்கம் போற வரைக்கும் எனக்கேதான்" என்றாள்.

அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். குடை பெண்ணின் மேல் இருந்தது. அவர் நனைந்துகொண்டிருந்தார். "இன்னும் பத்தே நாள் சார். மாசக் கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடாம இருந்தா நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல என் பேரும் வந்துரும். சூப்பரின்டென்ட் சொல்லியிருக்கார். போட்டேன்னா அவ்வளவுதான், திரும்ப முதல்ல இருந்து. எடுத்துப்பாங்களான்னே தெரியாது. வீட்ல வேற ஆள் இல்ல சார். உள்ள வச்சுப் பூட்டிட்டா போக முடியும்?"

அவர் தலைக்கு மேலே அறிவிப்புப் பலகை. 'காய்ச்சல், வீக்கம், கொப்புளம் உள்ள குழந்தைகள் குணமாகும் வரை அனுமதிக்கப்படமாட்டார்கள்.' என் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அவ்வளவு அழகாக எழுதியிருக்க வேண்டாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மேட்ரன் வந்து தாடையைத் தடவிப் பார்த்தார். "அதேதான். ஒன்பது நாள் தனியா வைக்கணும். உள்ள பதினேழு பிள்ளைங்க இருக்கு. ஒண்ணுக்கு வந்தா வரிசையா வரும். அப்புறம் அத்தனை அம்மாவும் லீவு போடணும். நான் என்னம்மா செய்ய?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொல்லை ரூம் ஒண்ணு இருக்கே மேட்ரன்" என்றேன்.

கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில், வீட்டோடு ஒட்டாமல் ஓர் அறை இருந்தது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், சந்துப் பக்கம் தனிக் கதவு. காப்பகத்துக்கு ஒரு தனி அறை வேண்டும் என்று மேட்ரன் சங்கத்துக்கு எழுதி எழுதிச் சலித்திருந்தார். இந்தக் கொல்லை அறையை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. காரணம், வீட்டுக்காரர் குடும்பம் அங்கே இருந்த காலத்தில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி இருந்த அறை அது. அவர்கள் போய் வருஷங்கள் ஆகியும் அதில் விறகுகூட வைக்க ஆயாம்மா சம்மதிக்கவில்லை.

"அய்யய்ய, அந்த ரூம்லயா பிள்ளைய வைப்பாங்க?" என்றார் ஆயாம்மா.

"ஒருத்தரை மத்தவங்க கிட்ட ஒட்டாம வைக்கிறதுக்குன்னே கட்டின ரூம் ஆயாம்மா. நம்ம மேட்ரனே பிளான் போட்டிருந்தாலும் இப்படி வராது."

மேட்ரன் யோசித்தார். "சரி. ஆனா அவகூட இருக்கிறவங்க இந்தப் பக்கம் வரக்கூடாது. ஏற்கெனவே வந்து போனவங்கதான் இருக்கணும். எனக்கு இது வந்ததில்ல. ஆயாம்மா, உனக்கு?"

"எனக்கு வராத சீக்கு எது? ஆனா இது வந்துச்சான்னு கேட்டா சத்தியமா தெரியாதும்மா."

"எனக்கு வந்திருக்கு" என்றேன். "அஞ்சு வயசுல. போட்டோவே இருக்கு."

போட்டோ இருந்தது உண்மை. லால்குடியில் அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். கழுத்தில் தங்கச் செயின், இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் தண்ணீர் முட்ட நான். வீக்கம் இருக்கிறது, செயின் இருக்கிறது, அழுகை இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். அந்த அறையில் அன்றுமுதல் பகல் முழுக்க நான் இருந்தேன். கட்டின நாளிலிருந்து அதற்குள் உட்கார்ந்த முதல் ஆண் நானாகத்தான் இருப்பேன்.

வாசற்படியில் ஒரு தொட்டியில் பர்மாங்கனேட் தண்ணீர். உள்ளே போகும்போதும் வரும்போதும் காலை நனைக்க வேண்டும். அவளுடைய தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி அண்டாவில் கொதிக்கும். நான் சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு சந்து வழியாக வெளியேற வேண்டும். மூன்றாம் நாளே என் பாதம் இரண்டும் கணுக்கால் வரை பழுப்பேறிவிட்டது. ஆயாம்மா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, "மாப்பிள்ளைக்கு நலங்கு வச்சாச்சு. பொண்ணுதான் வரணும்" என்று கத்துவார். அவர் அப்படி வைத்துவிட்டு நகர்கிற வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதே வாசலில் இதே மாதிரி வைக்கப்பட்ட சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டவர்களை நினைத்துக்கொள்வேன். தரையில் அவர்களில் யாரோ ஆணியால் தாயக்கட்டம் கீறியிருந்தார்கள். நாங்கள் புளியங்கொட்டையை உரைத்து, கொதிக்கவைத்து, காயவைத்து அதில் ஆடினோம். எனக்குத் தாயமே விழாது. அவளுக்கு ஒன்று விழுந்தாலும் தாயம், நாலு விழுந்தாலும் தாயம்.

கூடத்தில் என் இடத்தில் ஆயாம்மா கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் "தாயுமானவர்!" என்று பிள்ளைகள் கத்தினால் இவள் இந்தப் பக்கம் சோப்பு இல்லாமலே புறங்கையைத் தேய்ப்பாள். "ஆயாம்மா சீக்கிரம் சீக்கிரம் ஏத்துது மாமா. நடுவுல உக்காரவே விடல" என்று புகார் சொல்வாள்.

ஒரு நாள் மறந்துபோய் அவள் எதிரிலேயே எலுமிச்சை ஊறுகாயை நக்கினேன். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு வாயில் நீர் ஊறி, தாடை வலித்து, 'ஓ'வென்று அழுதுவிட்டாள். பிள்ளை வளர்ப்பில் எனக்கிருந்த ஞானம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு மோர் சாதத்தை வெறுமனே தின்றேன். தின்று முடித்ததும் அவள் தினமும் கேட்பாள்: "வயிறு நெறஞ்சுதா?" முதல் நாள், யாரிடம் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் அம்மா சந்தில் வந்து நிற்பார். தினமும் காலையில் நூலால் தாடையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன். பெரிய டாக்டர் மாதிரி அதைத் தூக்கிக் காட்டி, "நேத்தைக்கு இங்க, இன்னைக்கு இங்க" என்பேன். "நாளைக்கு ஏழாவது நாள் சார்" என்பார் அவர். அவருடைய கணக்கு லீவு போடாத நாள். என்னுடையது வீக்கம் வடிந்த நாள். இரண்டும் ஒன்றாகவே ஓடின. ஒன்பதாம் நாள் நூல் பழைய அளவுக்கு வந்தது. செயின் அம்மாவின் கழுத்துக்குத் திரும்பியது. அவள் அதற்காக அரை மணி நேரம் அழுதாள். இன்னொரு கன்னமும் வீங்கினால் தருவாயா என்று கேட்டாள். மாசக் கடைசி வரை அம்மா ஒரு நாள்கூட லீவு போடவில்லை. கூடத்தில் ஒரு பிள்ளைக்கும் பரவவில்லை. மேட்ரன் என்னைப் பார்த்து, "பரவாயில்லையே தம்பி" என்றார். ஆளை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விருது.

நானும் வாசலுக்குத் திரும்பினேன். இரண்டு வாரம் மலைக்கோட்டை ஏறி இறங்கினோம். பிறகு ஒரு மத்தியானம் மெஸ்ஸில் ஊறுகாயை வாயில் வைத்தேன். காதுக்குக் கீழே யாரோ ஊசியால் குத்திய மாதிரி இருந்தது. கடைவாய்ப் பல் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை வாசலில் நான் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன் மேட்ரன் என்னைப் பார்த்தார்.

"பல்லு வலிங்க மேட்ரன்" என்றேன்.

"இதே வாசல்ல இதே பொய்ய ஏற்கெனவே கேட்டாச்சு, தம்பி" என்றார். "மேல என்ன எழுதியிருக்குன்னு படி."

முத்து முத்தான எழுத்து. படித்தேன்.

அறைக்குத் திரும்பினால், கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நல்லபடியாகச் சொல்கிறோம், போய்விடுங்கள் என்றார்கள். மெஸ்ஸில் டிபன் காரியரில்கூடத் தரமாட்டோம் என்றார்கள். கொல்லை அறையைத் தவிர எனக்கு இடமில்லை. அங்கிருந்து அக்காவுக்கு ஒரு கார்டு போட்டேன்: 'பொன்னுக்கு வீங்கி எனக்கு இரண்டாவது தடவை வந்திருக்கிறது. உலகத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லை என்று மேட்ரன் சொல்கிறார்கள்.' நாலாம் நாள் பதில் வந்தது.

'தம்பிக்கு. உனக்கு எப்போடா பொன்னுக்கு வீங்கி வந்தது? அந்தப் போட்டோ அத்தை கல்யாணத்தில் எடுத்தது. இரண்டு கன்னத்திலும் லட்டு அடக்கி வைத்திருந்தாய். போட்டோக்காரர் துப்பச் சொன்னார், மாட்டேன் என்று அழுதாய். செயின் என்னுடையது. அழுகையை நிறுத்தப் போட்டேன். அதற்கும் நிற்கவில்லை. நடவு நேரம், ஆள் கிடைக்கவில்லை, அதனால் வர முடியாது. வெந்நீர் குடி.'

கார்டை நாலு தடவை படித்தேன். கார்டைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தால் தாடை வலித்தது. சேர்ந்து சிரிக்க ஆள் இல்லாத நகைச்சுவை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆயாம்மா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தார். கேலிகூடச் செய்யவில்லை, பயந்திருந்தார். நான் ஒருவனாகவே இரண்டு பேருக்கும் தாயம் உருட்டினேன். அப்போதும் எனக்கு விழவில்லை, எதிராளிக்குத்தான் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் உச்சிப் பிள்ளையாருக்குப் போய் மணி அடிப்பார்கள். எல்லோருடைய 'டிங்'கும் முடிந்த பிறகு, தனியாக ஒரு குரல் "இரு ஆயாம்மா, நான் இன்னும் இறங்கல" என்று கேட்கும். அது வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் கஞ்சியை எடுப்பேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, முற்பகலில், ஜன்னலுக்கு வெளியே கிணற்றங்கரையில் அந்த அம்மா வந்து நின்றார். ஆபீஸ் நேரத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. பெண்ணுக்குப் புதுக் கவுன். நான் துண்டால் வாயை மூடிக்கொண்டேன்.

"லிஸ்ட்ல பேர் வந்துடுச்சு சார்" என்றார்.

"நல்லதுங்க. ரொம்ப நல்லது." வீங்கிய வாயில் அது வேறு ஏதோ மாதிரி வந்தது.

"திருநெல்வேலி போட்டிருக்காங்க. திங்கக்கிழமை சேரணும். மத்தியான பஸ்ல கிளம்பறோம்."

நான் தலையை ஆட்டினேன். நிரந்தரம் என்றால் திருச்சியிலேயே நிரந்தரம் என்று எனக்கு நானே முடிவு செய்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை.

அவர் கழுத்திலிருந்து செயினைக் கழற்றினார். "நாங்க கிளம்பற வரைக்குமாவது போட்டுக்குங்க சார்."

"வேண்டாங்க. இந்த ரூமுக்குள்ள வந்த சாமான் கொதிக்க வைக்காம வெளிய போகக்கூடாது. ஆயாம்மா அதை ரசத்தோட சேத்து வச்சுருவாங்க."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து நின்றார்.

"நான் கிட்ட போலாமா?" என்றாள் பெண்.

பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த மேட்ரன், "அவ போலாம்மா. அவளுக்கு வந்து போயிடுச்சு. இந்த வீட்டுல அவ ஒருத்திதான் போலாம்" என்றார்.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து ஜன்னலுக்குக் கீழே போட்டு அதன் மேல் ஏறினாள். என் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "உனக்கு என்னைவிடப் பெரிசு" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, "சாப்பிட்டியா?"

"இனிமேதான். கஞ்சி இருக்கு."

"கை கழுவினியா?"

"இல்ல."

"நீட்டு."

கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் நீட்டினேன். அவள் மேட்ரனிடம் சோப்பு கேட்டு வாங்கினாள், மக்கில் தண்ணீர் மொண்டு தரச் சொல்லி அம்மாவை அதட்டினாள். என் கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சோப்பை வைத்தாள். "ம், மாணிக்க விநாயகர்" என்றாள். தேய்த்தேன். "அழுத்தி." அழுத்தித் தேய்த்தேன். "தாயுமானவர். அந்தக் கையும். இப்ப இடுக்கு. நகத்தக் காட்டு, இன்னும் போகல." எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். எனக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உச்சிக்கு வந்து சேர்ந்ததும் 'டிங்' என்றேன். அவள் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள்.

"இறங்க வேணாமா?" என்றேன்.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் குடையும் பையும் இருந்தன.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா" என்றாள். "நீ மெதுவா எறங்கிக்கோ."

மக்கில் இருந்ததையும் ஊற்றிவிட்டு வாளியிலிருந்து குதித்துப் போனாள்.

நான் குணமாகிக் கூடத்துக்குத் திரும்பிய பிறகு இரண்டு பிள்ளைகளுக்குத் தாடை வீங்கியது. கண்டுபிடிப்பதற்கு முந்தின நாட்களில் நான் வாசலில் நின்று கொடுத்தது. நோயோடு வந்த பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகள் ஒருவருக்கும் ஒட்டவில்லை. ஒட்டாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவனிடமிருந்து இரண்டு பேருக்கு. அந்த இரண்டு அம்மாக்களிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் திட்டினார். இன்னொருவர் செயின் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். பிள்ளைகள் இருவரையும் கொல்லை அறையில் வைத்து நானே பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை எனக்கு ஏற்கெனவே வந்து போனது நிச்சயம். ஆயாம்மாகூட சாட்சி சொன்னார்.

வருஷப் பிறப்புக்குப் பிறகு காலி கொக்கிக்கு ஒரு புதுப் பையன் வந்தான். விதிப்படி அவள் துண்டைச் சோடாவில் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து அவனுக்குக் கொடுத்தேன். சுவரில் படத்தை மாற்றி வேறு வரையலாமா என்று ஆயாம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். பையன் கையை ஈரத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து வெகு நேரம் பார்த்தான்.

"இது என்ன மாமா?"

"அன்னாசிப்பழம்" என்றேன்.